விளக்கை அணைத்தால் போதும்

கடந்த ஐப்பசியில், மழை சற்று ஓய்ந்திருந்த ஓர் இரவு. மலையடிவாரத்தில் தடிக்காரன்கோணத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் முன்னறைச் சுவரில், குழல்விளக்கின் அருகே, விரித்த உள்ளங்கையைவிட அகலமான ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பழுப்பு நிறம், நான்கு சிறகுகளிலும் கண்ணாடிச் சில்லு பதித்தாற்போல் முக்கோணங்கள். "தொடாதே மக்ளே, பாம்புத் தலையில்லா தெரியுது" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி என் மகளைப் பின்னுக்கு இழுத்தார். அதற்குள் சிலர் கைப்பேசியில் படம் எடுத்திருந்தனர். ‘அரிய வகை வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சி’ என்ற குறிப்புடன் அந்தப் படம் ஊரைச் சுற்றத் தொடங்கியது.

அது வண்ணத்துப்பூச்சியும் அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்ததும் அல்ல. அட்லஸ் அந்துப்பூச்சி எனப்படும் வகையைச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இனத்துக்கு ‘அட்டாகஸ் டாப்ரோபானிஸ்’ என்பது அறிவியல் பெயர். டாப்ரோபேன் என்பது பழங்கால கிரேக்கர்கள் இலங்கைக்கு இட்ட பெயர். பெயரிலேயே நம் கடலோரத்தைத் தாங்கி நிற்கும் உயிரைத்தான் நாம் அந்நியன் என்கிறோம்.

அடையாளம் காண்பது கடினமல்ல. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனி தடித்து, தீக்குச்சியைப் போல இருக்கும். அந்துப்பூச்சிக்கு அப்படி இருப்பதில்லை. முன்சிறகின் நுனி வளைந்து, கரும்புள்ளியோடு பாம்பின் தலையைப் போலத் தோன்றினால், அது அட்லஸ் வகை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இதை நாகசலபம் என்பார்கள். பாட்டியின் கண் பிழைபடவில்லை. சிறகில் முக்கோணத்துக்குப் பதிலாக வட்டமான ஒளிபுகும் புள்ளிகள் இருந்தால், அது டசர் பட்டு தரும் அந்துப்பூச்சியின் உறவு. வெளிர்பச்சை நிறமும் நீண்ட வாலும் இருந்தால் நிலா அந்துப்பூச்சி. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அட்லஸ் கடிக்காது; கடிப்பதற்கு அதற்குப் பயன்படும் வாயே இல்லை.

இங்கேதான் அதன் வாழ்வின் துயரம் தொடங்குகிறது. கொய்யா, எலுமிச்சை, இலவங்கப்பட்டை போன்ற மரங்களின் இலைகளைப் புழுவாக இருந்தபோது வயிறார உண்டு சேர்த்த கொழுப்புதான், சிறகு முளைத்த பின் அதற்கு உள்ள ஒரே கையிருப்பு. பூவில் தேன் குடிக்காது, நீரும் அருந்தாது. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம், அவ்வளவுதான் ஆயுள். அதற்குள் ஆண் தன் இணையைக் கண்டடைய வேண்டும். பெண் ஓரிடத்தில் அமர்ந்து காற்றில் ஒரு மணத்தை அனுப்பும். ஆணின் உணர்கொம்பு இறகு போல அகன்று விரிந்திருப்பது, இருளில் அந்த மணத்தைப் பிடிக்கத்தான். எங்கள் சுவரில் இருந்ததற்கும் கொம்பு அப்படித்தான் விரிந்திருந்தது. அது விருந்துக்கு வரவில்லை. தேடிப் போன வழியில் எங்கள் விளக்கில் சிக்கிக்கொண்டது.

‘விளக்கில் விழும் விட்டில்’ என்று நாம் அதன் ஆசையைப் பழிப்பது வழக்கம். 2024-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் தருகிறது. பறக்கும் பூச்சிகள் பலவும் வானத்தின் வெளிச்சத்தை நோக்கி முதுகைத் திருப்பியே மேல் எது, கீழ் எது என்று அறிகின்றன. அருகில் ஒரு விளக்கு எரிந்தால் அதையே வானமென எண்ணி முதுகைத் திருப்ப, பாதை வளைந்து அங்கேயே சுற்றுகின்றன. ஆசை அன்று, திசை மயக்கம். சில நாள்களே வாழும் உயிருக்கு ஓர் இரவை இழப்பது சிறிய இழப்பல்ல.

ஆகவே, இத்தகைய பூச்சி வீட்டுக்குள் வந்தால், துடைப்பமும் வேண்டாம், கண்ணாடிக் குப்பியும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் வைத்தும் பயனில்லை. சிறகைப் பிடித்துத் தூக்கினால் செதில்கள் உதிரும். விளக்கை அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து வைத்தால் போதும். தோட்டத்துக் கொய்யாவில் தடித்த பச்சைப் புழுவைக் கண்டால், பூச்சிமருந்து தெளிக்கும் முன் ஒரு கணம் யோசிக்கலாம். அது இந்த அட்லஸாக இருக்கக்கூடும்.

அன்று இரவு நாங்கள் இருட்டில் படுத்தோம். விடியற்காலையில் சுவர் வெறுமையாக இருந்தது. கைப்பேசியில் மட்டும் அது இன்னும் வெளிநாட்டுப் பூச்சியாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது.