அலாரம் அடித்தால் மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டர் காணாமல் போனது. கேமரா இருக்கிறதே என்ற தைரியத்தில் வீடியோ ரெக்கார்டரை இயக்கிப் பார்த்தேன். கேட்டைத் தாண்டும் ஸ்கூட்டரும், அதைத் தள்ளிச் செல்பவரின் முதுகும் தான் பதிவாகி இருந்தன. முகம் இல்லை. கருவியில் குறை எதுவும் இல்லை. அதன் செட்டிங்ஸ் பக்கத்தை நான் திறந்து பார்த்ததே இல்லை. அதன் பின்னர் நான் தெரிந்து கொண்டவற்றை இங்கு தருகிறேன்.

அலாரம் எப்படி உருவாகிறது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது அசைவு. ரெக்கார்டர் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, அடுத்தடுத்து வரும் பிரேம்களை ஒப்பிடும். நாம் தேர்ந்தெடுத்த கட்டங்களில் மாற்றம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அலாரம் உருவாகும். இரண்டாவது, கதவில் பொருத்தும் காந்த சென்சார் போன்றவை. இவற்றின் வயர்களை ரெக்கார்டரின் பின்புறம் உள்ள அலாரம் இன்புட்டில் இணைக்க வேண்டும். எல்லா மாடல்களிலும் இந்த வசதி இருக்காது.

திரையில் என்ன தெரியும்?

அலாரம் வந்தவுடன் அந்தக் கேமராவின் படத்தில் சிறிய அடையாளம் ஒன்று தோன்றும். நாம் டிக் செய்திருந்தால் பஸ்ஸர் ஒலிக்கும். படம் திரை முழுவதும் விரியும். ஆனால் பதிவு செய்வதற்கான டிக் தனி. எனவே பஸ்ஸர் ஒலிப்பதால் பதிவும் ஆகிறது என எண்ண வேண்டாம். பிளேபேக் பக்கத்தின் நேரக் கோட்டில் அலாரம் பதிவுகள் வேறு நிறத்தில் காட்டப்படும். நிறங்கள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும்.

பிரி-ரெக்கார்ட் என்றால் என்ன?

இந்த வசதியை இயக்கினால், ரெக்கார்டர் கடைசிச் சில நொடிகளின் படத்தை எப்போதும் மெமரியில் வைத்திருக்கும். அலாரம் வந்ததும் அதனையும் சேர்த்து ஹார்ட் டிஸ்க்கில் எழுதும். போஸ்ட்-ரெக்கார்ட் என்பது, அசைவு நின்ற பின்னரும் தொடரும் பதிவு. எங்கள் ரெக்கார்டரில் பிரி-ரெக்கார்ட் பூஜ்யத்தில் இருந்தது. அசைவைக் கவனிக்கும் கட்டங்களும் கேட் பகுதியில் மட்டுமே இருந்தன. கேட் வழியாக யாரும் உள்ளே வந்த பதிவு இல்லை. எனவே அவர் பக்கச் சுவர் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். ஸ்கூட்டர் கேட்டை அடைந்த பிறகே பதிவு தொடங்கியது.

எப்போதும் பதிவு செய்யலாமே?

செய்யலாம். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் 4 கேமராக்கள் என்றால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 86 ஜிபி இடம் தேவை. 1 டெராபைட் டிஸ்க் சுமார் 11 நாட்களுக்கு வரும். அதன் பின் பழைய பதிவுகளின் மேல் புதியவை எழுதப்படும். எனவே முக்கியமான பதிவை உடனே பென் டிரைவில் காப்பி செய்திடவும். நான் இப்போது வாசல் கேமராவிற்கு மட்டும் இரவில் தொடர் பதிவும், மற்றவற்றிற்கு அசைவுப் பதிவும் வைத்துள்ளேன்.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். ரெக்கார்டரின் தேதியையும் நேரத்தையும் சரி பார்த்திடவும். வீட்டில் ஒருவரை வாசலில் எல்லாப் பக்கமும் நடக்கச் சொல்லுங்கள். பின்னர் பிளேபேக்கில் தேடுங்கள். அவர் முகம் தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தெரியாவிட்டால், செட்டிங்ஸைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கு அது இல்லாமல் போனது.