றேடியோ பாடவைத்த சைக்கிள் சில்லு

பிள்ளைகளே, 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரிகளுக்கும் தடை. அப்போதும் எங்கள் சனம் பிபிசி தமிழோசை கேட்டது. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் தொடுத்தார்கள்! அம்மம்மாவைக் கேளுங்கள், கதை கதையாய்ச் சொல்வா.

சுற்றுகிறவருக்குக் கை உளையும். கை மாற்றும்போது பெடல் நிற்கும். பின்சில்லு நிற்காது, இன்னும் சில செக்கன் ஓடும். சுழலும் பொருள் தன் சுழற்சியை மாற்றவிடாமல் எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் அளவே சடத்துவத் திருப்பம். திணிவு மட்டும் போதாது, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் சடத்துவத் திருப்பம் நான்கு மடங்காகும். சைக்கிள் சில்லின் திணிவில் பெரும்பகுதி றிம்மிலும் ரயரிலும், அதாவது விளிம்பில்தான் இருக்கிறது. இவ்வளவு இலேசான சில்லு அப்படி ஓடியதன் காரணம் அதுதான்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சைக்கிளைக் கவிழ்த்து, முன்சில்லின் ரயரில் மெல்லிய நூலின் ஒரு நுனியை ஒட்டி, கொஞ்சம் சுற்றுங்கள். மற்ற நுனியில் 100 கிராம் கல். கல்லை விட்டு, அது 60 சென்ரிமீற்றர் இறங்கும் நேரத்தை அளவுங்கள். கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தால் நேரம் துல்லியமாய்க் கிடைக்கும்.

நூலில்லாமல் விழுந்தால் அந்தத் தூரத்துக்கு 0.35 செக்கன் போதும். உங்களுக்கு 1.4 செக்கன் வந்தது என்று வைப்போம். அது 4 மடங்கு. 4இன் வர்க்கம் 16. அதில் 1 கழித்தால் 15. கல்லின் 100 கிராமால் பெருக்க 1.5 கிலோகிராம். சில்லு முழுவதும் விளிம்பில் வைத்த 1.5 கிலோகிராம் போல நடக்கிறது என்று பொருள். அதை ஆரையின் வர்க்கத்தால் பெருக்குங்கள். ஆரை 0.33 மீற்றர் என்றால் சடத்துவத் திருப்பம் ஏறத்தாழ 0.16 கிலோகிராம் மீற்றர் வர்க்கம்.

அடுத்து, கால் கிலோ மணல் பைகள் இரண்டை எதிரெதிராக றிம்மை ஒட்டிக் கட்டி அளவுங்கள். பிறகு அதே பைகளை அச்சுக்குப் பக்கத்தில் கட்டி அளவுங்கள். எதில் கல் மெதுவாய் இறங்குகிறது? கணக்கோடு எங்களுக்கு எழுதுங்கள். சுழலும் கம்பிகளுக்குள் மட்டும் விரலை விடாதீர்கள்.