பிறை ஹோட்டலின் பேய்கள்

பேய்க் கதை இல்லாத பழைய கட்டடம் எங்கேயும் இராது. நம் கல்லூரி விடுதியிலும் ஒன்று உண்டு. ஆறாம் தரத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதற் கிழமையிலேயே யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நான் இங்கே எழுதவிருக்கும் கட்டடத்தில், பேய்களைவிட அஞ்ச வேண்டிய மனிதர் ஒருவர் இருந்தார்.

ஐக்கிய அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் யுரேக்கா ஸ்பிரிங்ஸ் என்றொரு மலைச் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்று நம்பி வந்தவர்களால் 1879இல் உருவான ஊர் அது. வசதி படைத்த பயணிகளுக்காக 1886இல் அந்த மலையுச்சியில் சுண்ணாம்புக் கல்லால் ஒரு ஹோட்டலைக் கட்டினார்கள். பெயர் கிரெசென்ட், அதாவது பிறை. பின்னாளில் ஊற்றின் புகழ் மங்கியது, விருந்தினர் குறைந்தனர். 1908இல் அதே கட்டடம் பெண்கள் கல்லூரி ஆனது. கோடையில் ஹோட்டல், மற்றைய மாதங்களில் கல்லூரி!

அங்கே உலாவுவதாகச் சொல்லப்படும் பேய்கள் பல. கட்டட வேலையின்போது விழுந்து இறந்த மைக்கேல் என்ற அயர்லாந்துக் கல்தச்சன் 218ஆம் அறையில் கதவுகளை அறைந்து சாத்துவானாம். மேல்மாடத்திலிருந்து விழுந்த கல்லூரி மாணவி ஒருத்தி இன்னமும் தெரிகிறாளாம். 419ஆம் அறை வாசலில் தியோடோரா என்ற பெண் சாவியைத் தேடி நிற்பாள். தான் ஒரு புற்றுநோயாளி என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுவாள். நள்ளிரவில் மூன்றாம் மாடியில் தாதி ஒருத்தி தள்ளுகட்டிலைத் தள்ளிச் செல்வாளாம்.

ஹோட்டலில் புற்றுநோயாளிக்கும் தாதிக்கும் என்ன வேலை? அதற்கு விடை நோர்மன் பேக்கர்.

பேக்கர் வைத்தியம் படித்தவரல்லர். முதலில் மேடையில் மனத்தை அறியும் வித்தை காட்டினார். பிறகு அயோவா மாநிலத்தில் சொந்தமாக வானொலி நிலையம் தொடங்கி, புற்றுநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக அறிவித்தார். தம்மைக் கண்டித்த அமெரிக்க மருத்துவச் சங்கத்தின்மீது மானநஷ்ட வழக்குப் போட்டுத் தோற்றார். வானொலி அனுமதியும் பறிபோக, மெக்சிக்கோ எல்லையில் நிலையம் அமைத்து அங்கிருந்து பேசினார். 1937இல் கிரெசென்ட் ஹோட்டலை வாங்கி வைத்தியசாலையாக்கினார். சுவர்களுக்கு ஊதா நிறம் பூசினார். அவர் உடுப்பும் ஊதா, காரும் ஊதா.

அந்த 'மருந்தில்' என்ன இருந்தது? வத்தகப்பழ விதை, சோளக் கதிரின் நார், குளோவர் இலை, கார்போலிக் அமிலம். கடைசியாகச் சொன்னதுதான் பீனோல். இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் தோலில் பட்டுவிடக் கூடாது என்று எங்களை எச்சரிக்கிறார்களே, அதே பீனோல். அதைக் கலந்து நோயாளிகளுக்கு ஊசியாக ஏற்றினார்கள்.

இதை நம்பியவர்களை முட்டாள்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று புற்றுநோய்க்கு இருந்தவை சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் மாத்திரமே. மருந்தேற்றும் சிகிச்சை 1940களில்தான் தொடங்கியது. கத்தியும் வேண்டாம், கதிரும் வேண்டாம், குணமாக்குகிறேன் என்று வானொலியில் ஒரு குரல் உறுதியாகச் சொன்னால், வலியில் கிடப்பவர் என்ன செய்வார்? என் பெரியும்மா மஹரகமவுக்குச் சிகிச்சைக்குப் போய்வரத் தொடங்கிய மாதத்தில் எங்கள் வீட்டுக் கைத்தொலைபேசிகளுக்கு வராத வைத்தியமில்லை. முள்ளுச்சீத்தா இலை, தேசிக்காய், ஏதோ ஒரு வேர்த்தூள். அனுப்பியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஊசிக்குப் பயந்திருந்த பெரியும்மா ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பேக்கரிடம் போனவர்களை அன்றுதான் எனக்கு விளங்கியது.

பேக்கர் 1939இல் கைதானார். கொலைக்காக அல்ல, தபால் மூலம் பொய் விளம்பரம் அனுப்பி மோசடி செய்ததற்காக! 1940இல் கிடைத்த தண்டனை நான்கு வருடச் சிறை. வெளியே வந்தபின் புளோரிடாவில் வாழ்ந்து 1958இல் இறந்தார்.

1946இல் கட்டடம் மீண்டும் ஹோட்டலானது. இப்போது அங்கே இரவில் பேய்ச் சுற்றுலா நடக்கிறது. அடித்தளத்தில் பேக்கர் காலத்துப் பிரேத அறையையும் காட்டுகிறார்கள். காசு கொடுத்துப் பயப்பட வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேய்கள் இல்லாவிட்டால் பேக்கரின் பெயர் இத்தனை பேருக்குத் தெரிந்திராது என்பதையும் மறுக்க முடியாது.

வைத்தியசாலைக் காலத்துப் போத்தல்களில் மனித உடற்பாகங்கள் எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்றும் ஒரு கதை நெடுநாளாக உலவியது. அதையும் பேய்க் கதைகளோடு சேர்த்தே சொல்லி வந்தார்கள். 2019இல் ஹோட்டல் வளவில் தோட்டத்துக்குப் பொறுப்பானவர் நிலத்தை வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடிப் போத்தல்கள் வெளிப்பட்டன. தொல்லியலாளர்கள் வந்து தோண்டினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தன. சிலவற்றுள், திரவத்தில் மிதந்தபடி, இழையத் துண்டுகள்.