மார்பகத் தளர்வுக்கு ஆபரேஷன்: எனக்குச் சரிப்பட்டு வருமா?

திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு உடை மாற்றும் அறைக்காகக் காத்து நின்றபோது காதில் விழுந்தது. முன்னால் நின்ற அக்கா ஒருத்தி ஈரத்துணியை மார்போடு இழுத்துப் பிடித்தபடி, "மூணு பெத்துப் பாலும் குடுத்தாச்சு, இனி இதுக்கு என்ன பிள்ளே" என்றாள். கூட வந்தவள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். சில மணி நேர ஆபரேஷன், பழைய மார்பு திரும்பக் கிடைக்கும் என்றது அது. இருவரும் சிரித்தார்கள். ஆனால் போனை உடனே பைக்குள் போடவில்லை. அதைப் பார்த்தபோது, பெண்கள் என்னைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்கிற கேள்விகளை ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அது என்ன ஆபரேஷன்? மார்பு பெரிதாகுமா?

டாக்டர்கள் 'மாஸ்டோபெக்ஸி' என்பார்கள். மிஞ்சித் தொங்கும் தோலை வெட்டி நீக்கி, உள்ளே இருக்கும் திசுவை மேலே ஏற்றித் தைத்து, காம்பையும் கருவட்டத்தையும் உயர்த்தி வைப்பார்கள். தொளதொளத்த ரவிக்கைக்கு டாட் பிடிப்பது போன்ற வேலை; இருக்கிற துணி கூடப்போவதில்லை. மேல்பகுதி வற்றிப்போய் நிறைவு வேண்டும் என்றால் சிலிக்கோன் வைப்பது பற்றிப் பேச வேண்டும், அதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. கனம் தாங்காமல் தோளில் ப்ரா பட்டையால் பள்ளம் விழுகிறது, மார்புக்கு அடியில் வியர்த்துப் புண்ணாகிறது என்றால் தேவைப்படுவது மார்பைக் குறைக்கும் ஆபரேஷன். தன் தொந்தரவு இவற்றில் எது என்று பிரித்துப் பார்க்காமலே பலர் டாக்டர் முன் போய் உட்கார்கிறார்கள்.

எனக்குத் தளர்வு இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். ப்ரா இல்லாமல் கண்ணாடி முன் நிமிர்ந்து நில்லுங்கள். மார்பு உடலோடு சேரும் அடிமடிப்பு எங்கே, காம்பு எங்கே என்று பாருங்கள். காம்பு மடிப்பின் மட்டத்தில் இருந்தால் முதல் நிலை. மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை. மார்பின் அடிப்பகுதியிலேயே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நிலை. ரெக்னோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1976-ல் வகுத்த இந்தக் கணக்கை இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். அடியில் பென்சில் வைத்து விழுகிறதா என்று பார்க்கும் வித்தையை நான் நம்புவதில்லை. சற்றே பெரிய மார்பென்றால் தளர்வே இல்லாவிட்டாலும் பென்சில் நிற்கும்.

பால் கொடுத்ததால்தானே இப்படி ஆனது?

இல்லை. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழக டாக்டர்கள் 2007-ல் இதை ஆராய்ந்து சொன்னார்கள்: வயது, உடல் எடை, எத்தனை முறை கருவுற்றார், அதற்கு முன் மார்பு எவ்வளவு பெரிது, புகைப்பழக்கம் உண்டா ஆகியவைதான் தளர்வைக் கூட்டுகின்றன, பால் கொடுப்பது தனியாக எதையும் கூட்டுவதில்லை. கர்ப்பத்தில் மார்பு பெருத்து, பிறகு வற்றும்போது தோல் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. பாட்டில் பாலுக்கு மாறினாலும் அது நடந்தேதான் தீரும்.

யாருக்கு இது பொருந்தும்?

இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி தளரும், செலவும் வலியும் வீண். பால் கொடுப்பதை நிறுத்தியவர்கள் குறைந்தது மூன்று மாதமாவது, முடிந்தால் ஆறு மாதம் பொறுக்கட்டும். உடல் எடையும் அப்படித்தான். பத்துக் கிலோ குறைக்கும் திட்டமிருந்தால் முதலில் குறைத்து, எடை சில மாதம் ஒரே இடத்தில் நிற்கட்டும்.

அடுத்தது உடம்பு ஆறும் விதம். காது குத்திய இடம் உருண்டு திரண்டதா? சிசேரியன் தழும்பு கயிறுபோலத் தடித்துக் கிடக்கிறதா? நம் நிறத்தாருக்கு இது அதிகம். மார்பிலும் அப்படியே வரலாம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குத் தையல் சரியாக ஆறாது. புகையிலை விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது. நம் பக்கத்தில் பெண்கள் பீடி குடிப்பது அபூர்வம், ஆனால் வெற்றிலையோடு புகையிலை அடக்குவோர் உண்டு; டாக்டர் "ஸ்மோக்கிங் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். நிக்கோட்டின் வாய்வழி போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும். இடம் மாற்றி வைத்த காம்புக்கு ரத்தம் போகாவிட்டால் அது கறுத்து அழுகக்கூடும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது புகையிலையைத் தொடக்கூடாது.

கணவர் ஏதோ சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டும் போகிறவர்களை நல்ல டாக்டரே திருப்பி அனுப்பிவிடுவார்.

தழும்பு தெரியுமா?

தெரியும். தளர்வு குறைவென்றால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும். கூடினால் அதிலிருந்து நேர்கீழே ஒரு கோடு. இன்னும் கூடினால் அடிமடிப்பிலும் ஒன்று சேர்ந்து நங்கூரம் போல. சிவந்து தடித்திருப்பது மங்க ஒரு வருடமாவது ஆகும். முழுக்க மறையாது. இந்தக் கோடுகள் பரவாயில்லை என்று மனம் ஒப்பாதவர் இதற்குள் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

மேசை வேலைக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். ரப்பர் பால் வெட்டும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு செல்லாது. விடியுமுன் மரம் மரமாக நடந்து, கை உயர்த்திக் கத்தியைப் பட்டையில் இழுத்து, பிறகு பால் வாளியைத் தூக்கிச் சுமக்க வேண்டும். எல்லாமே தோளையும் மார்பையும் இழுக்கிற வேலை. நான்கு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் தூங்க வேண்டும், கம்பியில்லாத இறுக்கமான ப்ராவை இரவிலும் கழற்றக் கூடாது. முடிவெடுத்துவிட்டவர்கள் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களுக்குத் தள்ளி வைத்தால் கூலி இழப்பாவது குறையும்.

பிறகு பால் கொடுக்க முடியுமா? உணர்ச்சி போய்விடுமா?

பலருக்கு முடியும், உறுதி தர முடியாது. காம்பு மரத்துப்போனால் உணர்ச்சி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்புவதில்லை.

புற்றுநோய் வருமா?

இந்த ஆபரேஷனால் வராது. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மார்பும் வருடக்கணக்கில் மெல்ல இறங்குவதுதான் தளர்வு. ஒன்று மட்டும் மாறுவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, தோலில் குழி விழுவது, கட்டி தட்டுப்படுவது, ரத்தம் கசிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அழகு ஆபரேஷன் பேச்சை நிறுத்திவிட்டு உடனே மார்பகப் பரிசோதனைக்குப் போங்கள். நாற்பது தாண்டியவர்கள் ஆபரேஷனுக்கு முன் மேமோகிராம் எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுக்கும்போதும் ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள். உள்தழும்பு படத்தில் குழப்பும்.

அரசு ஆஸ்பத்திரியில் செய்வார்களா? இன்சூரன்ஸ் உண்டா?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கு இலவச கிளினிக் தொடங்கியபோது பெரிய வாக்குவாதமே நடந்தது. அவசரச் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்றார்கள் சிலர். ஏழைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்றார் அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். எனக்கு அமைச்சர் பக்கம்தான் சரி என்று படுகிறது. மார்புக் கனத்தால் கழுத்துவலியோடு கூலிக்குப் போகிறவளுக்கு அது அழகுப் பிரச்சினை இல்லை. நம் குமரி மாவட்டத்தார் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலில் காட்டி, எங்கே போகலாம் என்று கேட்கலாம். தனியார் இன்சூரன்ஸில் அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் வராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு.

டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். படித்தபின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் வேண்டும். 'காஸ்மெடிக்' என்ற போர்டு பட்டமாகாது. "என்னைப் போன்ற உடம்புக்கு நீங்கள் செய்தவர்களின் படம், ஒரு வருடம் கழித்து எடுத்தது காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

இதையெல்லாம் எப்படி வாய்விட்டுக் கேட்பது?

கூச்சம் இருக்கத்தான் செய்யும். இந்த மண்ணில் நாடார் பெண்கள் தோள்சீலை போட்டு மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் இறங்கி வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் மறைக்கக்கூடாது என்று ஒரு வால் வைத்துத்தான் விட்டார். அந்தத் தோள்சீலைக்காரிகளின் பேத்திகளுக்கு டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க உரிமையில்லையா?

கிரீம், எண்ணெய், உடற்பயிற்சி?

கிரீமும் எண்ணெயும் இறங்கியதை ஏற்றாது. பயிற்சி அடியிலுள்ள தசையை உறுதியாக்கும், மேலே உள்ள தோலைச் சுருக்காது. செலவில்லாமல் உடனே வித்தியாசம் தெரிய வேண்டுமானால் டேப் வைத்து அளந்து ப்ரா வாங்குங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய அதே 34-ஐ மூன்றாவது பிள்ளைக்குப் பிறகும் கடையில் கேட்டு வாங்குகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.