வெள்ளாற்றுச் சேற்றில் ஒரு புது நண்டு

சூடோஹெலிஸ் அண்ணாமலை என்பது கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய அலையாத்திச் சேற்றில் வாழும் ஒரு சிறு நண்டு. நன்றாக வளர்ந்த நண்டின் ஓடுகூட 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போவதில்லை. கால்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் உட்கார்ந்துவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த பிரேமா, ரவிச்சந்திரன் ஆகியோர் தைவான் நாட்டு நண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022-இல் இதைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள்.

பெயரின் பின்பாதி பல்கலைக்கழகத்தின் பெயர். சிதம்பரத்தில் 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சிக் கல்லூரிதான் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. அந்த நூறாண்டுக் கல்விப் பணியை நினைவுகூரும் விதமாக நண்டுக்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது. முன்பாதியான சூடோஹெலிஸ் பேரினத்தின் பெயர். 'ஹெலிஸ் போன்றது, ஆனால் ஹெலிஸ் அல்ல' என்று பொருள். ஹெலிஸ் என்ற பழைய பேரினத்தில் கலந்து கிடந்த நண்டுகளை 2006-இல் மறுபடி பிரித்து வகைப்படுத்தியபோது இந்தப் பேரினம் தனியே உருவானது. வெள்ளாற்று நண்டு வரும்வரை அதில் உறுதிசெய்யப்பட்ட இனங்கள் இரண்டே: சூடோஹெலிஸ் லாட்ரீயி, சூடோஹெலிஸ் சப்குவாட்ராட்டா. இரண்டும் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்றவை.

இந்த நண்டு வாழும் இடம் கடலும் அல்ல, கரையும் அல்ல. பரங்கிப்பேட்டைப் பக்கம் நாளுக்கு இரண்டு முறை கடல் ஓதத்தின் ஏற்றம், இரண்டு முறை வற்றம். ஏற்றம் தொடும் உச்சிக்கும் வற்றம் இறங்கும் அடிமட்டத்துக்கும் இடைப்பட்ட சேற்றுப் பட்டையில்தான் கரையோர நண்டுகளின் ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டையிலும் மேல், நடு, கீழ் என்று இடம் பிரிந்திருக்கிறது. கீழ்ப்பட்டை நாள்தோறும் பல மணி நேரம் நீரில் மூழ்கும். மேல்பட்டைக்குத் தண்ணீர் சிறிது நேரமே எட்டும். அதன் உச்சிக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில்தான் வந்து போகும். அண்ணாமலை நண்டு குடியிருப்பது இந்த மேல்பட்டையில். வெயில் காயும், உப்பு பூக்கும், மழைக் காலத்தில் ஆற்று நன்னீர் பாய்ந்து உப்பே இல்லாமலும் போகும். இவ்வளவையும் தாங்குகிற உயிருக்குத்தான் அங்கே இடம்.

அங்கே நிற்கும் மரம் வெண்கண்டல். அதன் வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மேல் நோக்கிக் குத்திட்டு நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் மரம் இந்த மூச்சு வேர்கள் வழியாகத்தான் சுவாசிக்கிறது. வற்றத்தின்போது இந்த வேர்களுக்கிடையே குனிந்து பார்த்தால், விரல் நுழையும் அளவு வளைகளும் வாயைச் சுற்றிப் பெரிய பெரிய மண் உருண்டைகளும் தெரியும். வளை தோண்டும்போது நண்டு வெளியே தள்ளிய மண் அது. வளை 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கும். நேரே ஒரு குழியாகப் போகாமல் உள்ளே கிளை பிரியும். இரண்டு சென்டிமீட்டர் உடம்புக்கு ஒரு சாண் ஆழத்துக்கும் மேலே, அதுவும் கிளைகளோடு வீடு! அடியில் சேறு எப்போதும் ஈரமாக இருக்கும். நண்டு செவுளால் சுவாசிக்கிறது; செவுள் காய்ந்தால் உயிர் நிற்காது. மேலே வெயில் கொளுத்தும்போது ஈரம் தேடிப் போகும் கிணறும் கொக்குக்கும் உள்ளானுக்கும் தப்பி ஒளியும் பதுங்குமிடமும் அந்த வளைதான்.

வளையால் நண்டுக்கு மட்டும் நன்மை என்றில்லை. அலையாத்திச் சேற்றை ஒரு கைப்பிடி அள்ளினால் மேலே பழுப்பாகவும் உள்ளே கறுப்பாகவும் இருக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். பிராணவாயு இல்லாத மண்ணில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடின் வாடை அது. நண்டு வளை தோண்டியதும் காற்றும் ஓத நீரும் கீழே இறங்குகின்றன. வளையின் சுவரை உற்றுப் பார்த்தால் கறுப்புக்கு நடுவே மெல்லிய பழுப்பு வளையம் ஓடுவது தெரியும். மண் மூச்சு விட்ட அடையாளம். ஒரு மரத்தடியில் இத்தகைய வளைகள் நிறைந்திருக்கும்போது, அந்தக் காட்டை உழுகிற வேலையை நண்டுகளே செய்துவிடுகின்றன.

இனி நண்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஓடு கரு ஊதாவிலிருந்து அடர்ந்த சாம்பல் வரை இருக்கும். ஓட்டின் பின்பகுதியில் ஒழுங்கில்லாத திட்டுகள்: சிலவற்றில் வெளிர் பழுப்பு, சிலவற்றில் மஞ்சள் கலந்த பழுப்பு, சிலவற்றில் வெள்ளை. கொடுக்குகள் இளம் பழுப்பு. ஈரச் சேற்றின் மேல் இது அசையாமல் நின்றால் கண்ணுக்கு அகப்படுவது கடினம். சண்டைக்கு வருகிற குணம் இதற்கு இல்லை. ஆனால் ஓட்டத்தில் மற்றக் கரையோர நண்டுகளுக்குச் சளைத்ததல்ல. நிழல் விழுந்ததும் வேர்களுக்குள் புகுந்து மறைந்துவிடும்.

ஒரு நண்டைப் பார்த்ததும் 'இது புது இனம்' என்று சொல்லிவிட முடியாது. நிறத்தை நம்ப முடியாது. வயதுக்கும் சேற்றுக்கும் ஏற்ப அது மாறும், சாராயத்தில் போட்டு வைத்தால் வெளுத்தே போகும். ஆகவே மாறாத உறுப்புகளைத்தான் ஒப்பிடுகிறார்கள்: ஓட்டின் வடிவம், அதன் ஓரப் பற்கள், வயிற்று மடல். சந்தையில் நண்டு வாங்குகிற எவருக்கும் வயிற்று மடல் தெரியும். நண்டைக் கவிழ்த்தால் அடியில் மடங்கியிருக்கும் தகடு அது. குறுகிக் கூம்பியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். நண்டு ஆராய்ச்சியில் பெரிதும் நம்பப்படும் அடையாளம் ஆணின் அந்த மடலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அங்கே குச்சி போன்ற உறுப்புகள் உண்டு; கலவியில் விந்தைப் பெண்ணுக்குச் செலுத்துபவை. வெளித் தோற்றத்தில் இரட்டைப் பிறவிகளாகத் தெரியும் இரண்டு இனங்களுக்குக்கூட அந்தக் குச்சியின் வளைவும் நுனியும் வேறுபடும். வெள்ளாற்று நண்டின் ஓடும் மடலும் இந்த உறுப்பும் முன்பு அறியப்பட்ட இரண்டு இனங்களோடும் ஒத்துப்போகவில்லை. அதன்மேல் மரபணுச் சோதனையும் சேர்ந்தது.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகு, இனத்துக்கு உரிய மாதிரியாக ஒரு நண்டைத் தேர்ந்து அருங்காட்சியகத்தில் வைத்து, அதன் ஒவ்வொரு உறுப்பையும் எழுத்திலும் படத்திலும் வெளியிட வேண்டும். பின்னால் வரும் ஒருவருக்கு ஐயம் எழுந்தால் அந்த மாதிரியை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். இந்திய நண்டுகளை இப்படி எழுதி வைக்கும் வேலை நெடுங்காலமாக நடந்துவருகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஜே. ஆர். ஹெண்டர்சன் 1893-இல் தமிழகக் கடற்கரை நண்டுகளையும் சேர்த்து ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆல்ஃபிரட் ஆல்காக் 1895-லிருந்து 1900 வரை இந்திய நண்டுகளைத் தொடராக விவரித்தார். இன்றும் ஆய்வாளர்கள் மேசையில் இருக்கும் எழுத்துகள் அவை. அதற்குப் பிறகும், பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமே இயங்குகிற பரங்கிப்பேட்டையில், ஒரு நண்டு பெயரில்லாமல் 2022 வரை இருந்திருக்கிறது. சிறியது, சேற்று நிறத்தது, யாரும் சமைக்காதது என்று மூன்று காரணங்களை ஊகிக்கலாம்.

இந்த நண்டு கிடைத்ததில் பெயரைவிடப் பெரிய விஷயம், அது வாழும் இடம். பழைய இரண்டு இனங்களில் ஒன்று இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கு உரியது. மற்றொன்று பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கு உரியது. நடுவில் இந்தியத் துணைக்கண்டமும் வங்கக் கடலும் வெற்றிடமாகக் கிடந்தன. அந்த வெற்றிடத்தில் ஒரு மூன்றாவது இனம் இருப்பதை வெள்ளாற்று நண்டு காட்டியது.

கடலோர நண்டு இடத்துக்கு இடம் வேறு இனமாகப் பிரிவது எளிதல்ல. இதை விளங்கிக்கொள்ள ஒரு வயல் நண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. ஆனால் வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கண்மாய்ப் பாசன வயல்களில் வரப்பு வளை நண்டை அறியாதவர் இல்லை. சூல் கொண்ட வயல் நண்டின் வயிற்று மடலைத் திறந்தால் கடுகளவு நண்டுக் குஞ்சுகள் மொய்த்துக் கிடக்கும். தாயின் வயிற்றைக் கிழித்துக் குஞ்சுகள் வெளிவரும், தாய் செத்துவிடும் என்று ஊர்ப்புறத்தில் சொல்வது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். உண்மையில் தாய் சாவதில்லை. குஞ்சுகள் இருப்பது வயிற்றுக்குள் அல்ல, மடலுக்கும் உடம்புக்கும் இடையில். அங்கிருந்து அவை இறங்கி அதே வயலில், அதே ஓடையில் வாழத் தொடங்கும். ஒரு மலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் உள்ள நன்னீர் நண்டுகள் கலக்க வழியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நன்னீர் நண்டு இனங்கள் இத்தனை பெருகியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடலோர நண்டின் கதை நேர்மாறு. முட்டைகள் ஆயிரக்கணக்கில் பொரியும். வெளிவருவது நண்டு உருவத்தில் அல்ல. சோயியா எனப்படும் அந்தக் குஞ்சு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடம்பும், முதுகில் முள்ளும், பெரிய கண்களும் கொண்ட மிதவை உயிர். ஓதத்தோடு கடலுக்குப் போய்ச் சில வாரங்கள் நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு அலையும். பலமுறை தோல் உரித்து, மெகலோப்பா என்ற இடைநிலை உருவம் எடுத்து, அதன் பிறகுதான் கரை தேடிச் சேற்றில் இறங்கி நண்டாகும். சில வாரப் பயணத்தில் ஒரு குஞ்சு எத்தனையோ நூறு கிலோமீட்டர் போகலாம். அப்படியானால் ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள்வரை ஒரே இனமாக இருந்திருக்க வேண்டுமே?

அப்படி இல்லாமல் போனதற்குக் கடலின் வரலாற்றில் விடை தேடுகிறார்கள். பனியூழிக் காலங்களில் உலகின் நீர் பனிப்பாளங்களாக உறைந்து கடல் மட்டம் தாழ்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அப்போது மலாக்கா நீரிணை தரையாக இருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் மலாயாவோடு ஒட்டிய ஒரே நிலம். பசிபிக் பக்கத்துக் குஞ்சு இந்தியப் பெருங்கடலுக்குள் வர அந்த நிலம் தடுப்புச் சுவராக நின்றது. இப்படிப் பனியூழிகள் திரும்பத் திரும்ப வந்து போயின. வங்கக் கடலுக்கு அதற்கென்று தனிக் குணமும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலான ஆறுகள் கொட்டும் நன்னீரால் அதன் மேல்மட்ட நீரில் உப்பு குறைவு. தமிழகக் கரையோர நீரோட்டம் மாசி, பங்குனி வாக்கில் வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பும். குஞ்சுகளை வெளியே போகவிடாமல் இந்தக் கடல் தனக்குள்ளேயே சுற்றவிடுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. கிழக்கு இந்தியப் பெருங்கடல் சில உயிர்களைத் தனித்து வளரவிட்டிருக்கிறது என்ற கருத்துக்கு அண்ணாமலை நண்டை இன்னொரு சான்றாக அதன் கண்டுபிடிப்பாளர்கள் வைக்கிறார்கள்.

சான்று இது ஒன்று மட்டும் அல்ல. ஒற்றைக் கொடுக்கு பெருத்த பிடில் நண்டுகளில், கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ளதும் இந்தியக் கரையில் உள்ளதும் டுபுகா உர்வில்லி என்ற ஒரே இனம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2018-இல் இந்தியப் பக்கத்து நண்டு வேறு இனம் என்று தெளிவாயிற்று. டுபுகா ஆல்காக்கி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முன்பு சொன்ன ஆல்ஃபிரட் ஆல்காக்கின் நினைவாக.

அண்ணாமலை நண்டின் சேற்றுப் பட்டை குறுகலானது. தமிழகக் கடலோரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடே ஒரு மீட்டரை ஒட்டியதுதான். அதில் மேல்பங்கு மட்டும் இந்த நண்டுக்கு. இறால் பண்ணைக்குக் கரை போடும்போதும், ஆற்றோரம் மண் கொட்டி மேடாக்கும்போதும் முதலில் மூடப்படுவது அந்த மேல்பங்கே. மறுபுறம், வெள்ளாற்றங்கரையில் 1990-களிலிருந்து பல்கலைக்கழகத்தார் அலையாத்திக் கன்றுகளை நட்டு வளர்த்திருக்கிறார்கள். வெண்கண்டல் வேர் பிடித்துச் சில ஆண்டுகளில் சுற்றிலும் மூச்சு வேர்கள் எழும்பும். அதன் பிறகு வரும் ஏற்றங்களில் ஓத நீரோடு மெகலோப்பாக்கள் வந்து இறங்கும். வேரடியில் முதல் மண் உருண்டைகள் தென்படத் தொடங்கும்.