லீவு போட்ட மூளைக்கு ஆக்டிங் ஆள்!

கொட்டச்சேட்டில் சமதரை என்று ஒன்று காட்டுங்கள், உங்களுக்கு ஒரு காபி என் செலவு. வாசலிலேயே மேடு, காபித் தோட்டத்துக்குச் சரிவு, பஸ்ஸைப் பிடிக்க மறுபடி மேடு! இந்த ஊரில் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டால்..?

நடக்க வைக்க ரோபோவே வந்தாச்சு, ஸார். சுவிட்சர்லாந்துக்காரர்களின் 'லோகோமாட்' இதில் பிரபலம். பெல்ட் மாட்டி மேலிருந்து தொங்க விடுவார்கள். (பறவைக் காவடி இல்லை, குத்தாது!) உடல் எடையில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். கீழே டிரெட்மில். காலோடு சேர்த்துக் கட்டிய இயந்திரக் கால், இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார் வைத்து அடியெடுத்து வைக்கும். நம்ம பக்கத்திலும் உண்டு. சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று 2018-ல் 'பேண்டிகூட்' ரோபோவை இறக்கிய கேரளத்து ஜென்ரோபோட்டிக்ஸ் இளைஞர்கள், 'ஜி-கெய்ட்டர்' என்று ஒன்று செய்திருக்கிறார்கள். பெருச்சாளி பண்ணிய கையால் நடைவண்டி!

அடிபட்டது கால் இல்லை, மூளை. ஆபீஸில் ஒருத்தர் லீவு போட்டால் அவர் ஃபைலைப் பக்கத்து ஸீட்காரர் தட்டுத்தடுமாறிப் பார்ப்பாரே, அப்படி மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரே அடியை நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கணும். மனுஷர் குனிந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் கடைசியில் பிஸியோதெரபிஸ்ட்டுக்கே பிஸியோதெரபி! மெஷினுக்கு இடுப்பு வலிக்காது. அதற்காக நோயாளி சும்மா தொங்கினால் பலன் கம்மி. அவரும் முயற்சி பண்ணணும்.

"மாப்ளே, நானும் அதுல ஏறிப் பாக்கவா?" என்றார் என் மாமா. வலது கால் விழுந்து எட்டு மாதம். கைத்தடியோடு நடக்கிறார்.

சொல்லவே சங்கடமாக இருந்தது. 2020-ல் வந்த காக்ரேன் அறிக்கை 62 ஆய்வுகளை, 2440 பேரை அலசியது. பிஸியோதெரபியோடு மெஷினும் சேர்ந்தால், எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், கூடுதலாக ஆட்கள் துணையில்லாமல் நடக்கிறார்கள். அதிக லாபம் யாருக்கு? முதல் மூன்று மாதத்துக்குள் வருகிறவர்களுக்கு, அதிலும் நடக்கவே முடியாதவர்களுக்கு.

மலைக்காரன் வீட்டை விட்டு இறங்க முடியாமல் கிடப்பதும் அதே மூன்று மாதம்தான்! வாய் கோணினால், கை கால் விழுந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே, "நடைப் பயிற்சி எங்கே, எத்தனை நாள், சேலத்தில் தங்க வழி உண்டா?" என்று கேளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிஸியோதெரபியையும் சேர்த்திருந்தார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதையும் விசாரியுங்கள், முதல் வாரத்திலேயே.