குதிகாலில் ஒரு சொட்டு

அழாத பிள்ளையைச் சமத்து என்பார்கள். பால் குடித்த கையோடு தூங்கிவிடும். அம்மா கொழுந்தெடுக்கப் போனால் பாட்டி மடியில் பேசாமல் கிடக்கும். மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்ட லயங்களிலும் சரி, கீழே கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் சரி, அந்தச் சமத்தைக் கண்டு யாரும் பயந்ததில்லை. அந்தச் சமத்தோடு கரகரத்த அழுகை, வாரக்கணக்கில் தெளியாத மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், புடைத்த தொப்புள் எல்லாம் தைராய்டு சுரப்பு குறைந்த பிள்ளைக்கு வரலாம் என்று சொல்ல ஆளில்லை. பல பிள்ளைகளிடம் ஆரம்பத்தில் இந்த அறிகுறிகள்கூடத் தெரியாது.

இரண்டு வயதாகியும் நடக்கவில்லை, மூன்று வயதாகியும் பேசவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடியபோதும் மாத்திரை இருந்தது. கொடுத்தால் பிள்ளை உயரும், முகம் தெளியும். ஆனால் முதல் மாதங்களில் மூளை இழந்ததை அந்த மாத்திரையால் மீட்க முடியாது.

வளர்ச்சி பின்தங்கிய தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1991-இல் மூணாறில் டேர் பள்ளி வந்தது. ஸ்ருஷ்டி அமைப்பின் பள்ளி அது. அங்கிருந்து வளர்ந்தவர்கள் ஆரண்யா கூடத்தில் தேயிலைக் கழிவிலும் யூகலிப்டஸ் இலையிலும் துணிக்குச் சாயமேற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் குறைக்குக் காரணம் பலவிதம். மூலையில் முடங்க வேண்டியவர்களைத் தொழில் தெரிந்தவர்களாக்கிய அந்த இடத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இன்று கேரள அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு இரண்டு நாள் கழிந்ததும் குதிகாலின் ஓரத்தில் ஊசி குத்துகிறார்கள். வடிதாளில் அச்சிட்ட வட்டத்துக்குள் ரத்தம் முழுதாக ஊற வேண்டும். தாளை வெயில் படாமல் படுக்கவைத்து உலர்த்த வேண்டும். மலைப்பனியின் ஈரம் ஏறினால் மாதிரி வீண். பிறவித் தைராய்டு குறை, பெனைல்கீட்டோனூரியா போன்றவற்றை இப்படித்தான் தேடுகிறார்கள். 1960-களில் ராபர்ட் கத்ரி என்ற ஆய்வாளர் இந்த வழியைத் திறந்ததே, உணவை மாற்றினால் மூளை தப்பும் பெனைல்கீட்டோனூரியா பிள்ளைகளுக்காக.

இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறை இருக்கிறது. பெரும்பாலும் சுரப்பியே சரியாக உருவாகாததால் வருவது. ஒரு பகுதி மட்டும் மரபணுக் கோளாறு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் அதற்கு வாய்ப்பு கூடும். அதற்காக மருமகளைக் குற்றம் சொல்லும் வீடு அந்த மூச்சை மருந்துக்குச் செலவிடட்டும்.

மருந்து எளியது. தொடக்கத்தில் கிலோ எடைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் லெவோதைராக்சின். தினமும் கரண்டியில் மாத்திரையை நசுக்கி, தாய்ப்பால் நாலு சொட்டு விட்டுக் குழைத்துப் புகட்டினால் போதும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இரண்டு வாரம் என்பதுதான் கேரள-தமிழக எல்லையோரத்தில் இடிக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்: போடியில், தேனியில், பொள்ளாச்சியில். அங்கே குதிகால் ரத்தம் எடுத்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எடுக்காவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். மூணாறில் ரத்தம் கொடுத்துவிட்டு மலையிறங்கும் தாயைத் தேடி, முடிவைச் சொல்ல ஆஷா பணியாளர் லயத்துக்கு ஏறினால் பூட்டிய கதவுதான் இருக்கும். சிக்னல் கிடைக்காத செல்போன் எண்ணை மட்டும் ரத்தம் எடுத்த அட்டையில் எழுதாதீர்கள். பாட்டி வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.